வுப்பர்டாலில் இருந்து வந்தவர்

என் பிராங்பேர்ட் அறையில், மேசைக்கு நேரே மேலே, ஒரு பக்கத்தின் நகல் ஒட்டியிருக்கிறது. கோடு போட்ட சாதாரணத் தாள். திகதி, பெயர், எங்கிருந்து, குறிப்பு என்று நான்கு நிரல்கள். நகல் எடுத்தவர் புத்தகத்தைச் சரியாக அமுக்கவில்லை. இடது ஓரம் கறுத்துப்போய், நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனையின் நிழலும் குறுக்கே விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் பதினெட்டு வரிகள். அவற்றில் ஏழு என் மாமாவின் பெயரில். மற்றவர்கள் குறிப்பு நிரலில் ‘அருமை’ என்றும் ‘நன்றி’ என்றும் ‘என்ன வெக்கை’ என்றும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமாவின் முதல் குறிப்பு இது: ‘இரண்டாவது அறைக் கூரைத் தகரத்தில் ஓட்டை தெரிகிறது. மழைக்கு முன் பார்க்கவும்.’ அந்தப் புத்தகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட நடுநிலத்தில், ரயில் வராமல் போய்விட்ட ஒரு ரயில் நிலையத்தில் இருக்கிறது. நிலையம் இப்போது அந்தச் சின்ன ஊரின் அருங்காட்சியகம். பார்க்க வருகிறவர்கள் கையெழுத்திட்டுப் போகும் புத்தகம் அது. மாமா தன் வாழ்நாளில் அவுஸ்திரேலியாவில் கால் வைத்ததேயில்லை.

மாமா, அம்மாவின் மூத்த அண்ணன். வுப்பர்டாலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று யாராவது கேட்டால், ‘டெர்மின் கிடைக்கேல்லை’ என்பார், அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கேட்டுக் காத்திருப்பவர் மாதிரி. உணவகச் சமையலறைகளிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். பிறகு சிறுநீரகங்கள் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று காலைகள் டயாலிசிஸ். நான் அப்போது டார்ம்ஸ்டாட்டில் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளி மாலை ரயிலேறி வீட்டுக்கு வந்து, சனிக்கிழமை காலை அவரோடு போவது என் முறை. சாயும் கதிரை, இடது கையில் இரண்டு ஊசிகள், அந்தக் கையை நான்கு மணி நேரம் மடக்கக் கூடாது. நாளொன்றுக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவு. தேநீர்ப் பிரியரான மாமா, காலையில் சின்னக் கோப்பையில் பாதியை ஊற்றி, அதை ஒரு மணி நேரம் குடிப்பார். நான் பக்கத்தில் இருந்து ஒரு போத்தல் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, பிறகுதான் என்ன செய்தேன் என்று உணர்ந்து வெட்கப்படுவேன். அவர் கண்டும் காணாத மாதிரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவுஸ்திரேலியாவில் இருந்தது அவருடைய கடைசித் தம்பி, எனக்குச் சின்ன மாமா. மாமா யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது தம்பிக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு இருவரும் நேரில் பார்த்ததில்லை. சின்ன மாமா பல வருடங்கள் கழித்துப் படகில் போனவர். அவருக்குக் கிடைத்தது தற்காலிக விசா. ஆள் குறைந்த ஊர் ஒன்றில் இருந்து வேலை செய்தால் பிறகு நிரந்தரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஓர் ஏற்பாடு. அப்படித்தான் ஒரே தெரு, ஒரு மதுக்கடை, லொறிக்காரர்கள் நின்று சாப்பிடும் ஒரு பெருந்தெருக் கடை, அதற்கப்பால் செம்மண்ணும் வானமும் என்று இருந்த அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். பெருந்தெருக் கடைச் சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில் பகல் வேலை இல்லாததால், அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்திருக்க ஆள் இல்லை என்று அதை நடத்தும் ஊர்ச் சங்கத்தின் தலைவியான முதிய பெண்மணி கேட்டபோது, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கதவுப் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டார். தலைவியம்மா என்றுதான் எங்களிடம் அவரைப் பற்றிப் பேசுவார்.

எங்களுக்குக் காலை எட்டு மணி என்றால் அவருக்குப் பின்னேரம். மூன்றரைக்குக் கடைசி ஆளும் போனபின், அப்படி ஒருவர் வந்திருந்தால், கதவைச் சாத்திவிட்டு வீடியோவில் அழைப்பார். அப்போதுதான் மாமாவின் சுற்றுலா தொடங்கும். கைத்தொலைபேசியை நான் பிடிக்க வேண்டும். ஊசி குத்திய கை அசையாது. மற்றக் கை, ‘அது என்ன? உந்த மூலைக்குக் கொண்டு போ’ என்று சுட்டிக்காட்டத் தேவை. நிலைய அதிபரின் மணிக்கூடு, ஒட்டகச் சேணம், தந்தி அடிக்கும் கருவி, சுவரில் கைதிகள் கீறிய கோடுகளோடு நிலையத்துக்குப் பின்னால் நின்ற இரண்டறைக் கல்சிறை, அதற்கப்பால் ரயில் வருமுன் ஒட்டகங்களில் சரக்குக் கொண்டுவந்தவர்களின் நான்கு கல்லறைகள். ஒரு பொருளுக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்பார்கள். சிறையின் கதவுப் பூட்டு உள்ளே இருந்து தெரிகிறதா என்று பார்க்க, மாமா தம்பியைத் தனியாக உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தவைத்தார். ‘உன்னை ஆர் திறந்து விடுறது எண்டு யோசிச்சிட்டோ உள்ளுக்கை போனாய்?’ என்று பிறகு கேட்டுச் சிரித்தார்.

ஆனால் ஊரின் பெருமை, பெருந்தெரு ஓரத்தில் நின்ற, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில்தான். இரண்டு மாடி உயரம், இரும்புத் தகரம், கரி பிடித்த மாதிரிக் கறுப்பு வண்ணம். அந்த நாட்டுச் சிற்றூர்களுக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு: போகிற காரை நிறுத்தவைக்க ஏதாவது ஒன்றை ராட்சத அளவில் செய்து வைத்துவிடுவார்கள். மாமா அதை முதலில் கண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேத்திலை மூக்கில் இருந்து அடிவரை இரண்டு தடவை காட்டச் சொன்னார். பிறகு மெதுவாக, ‘தம்பி, உதுக்குள்ளை எத்தினை பேருக்குப் பிளேன்ரீ ஊத்தலாம்?’ என்றார். அடியில் துருப்பிடித்து ஓட்டை, ஒரு சொட்டும் நிற்காது என்று சின்ன மாமா சொன்னார். ‘அப்ப என்னைப்போலை இல்லை. எனக்குத் தண்ணி உள்ளுக்கை நிண்டிட்டுது, போகுதில்லை’ என்றார் மாமா. தாதி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்றைப் பார்த்தால் உடனே அதை ஒரு திட்டமாக்கிவிட வேண்டும். மாமாவை நேரில் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தேன். இரண்டு வாரம் விரிவுரைக்குப் போகாமல், அந்த வறண்ட நிலத்தில் எந்தெந்த ஊரில் டயாலிசிஸ் செய்யலாம், அங்கிருந்து எந்தப் பழைய தந்தி நிலையம், எந்தச் சுரங்கம், எந்த ராட்சத ஆடு எவ்வளவு தூரம் என்று கணினியில் அட்டவணை போட்டேன். கேத்திலுக்குக் கிட்டிய டயாலிசிஸ் கதிரை காரில் ஆறு மணி நேரம். முடியும் என்றே நினைத்தேன். வண்ணமடித்த அச்சுப்பிரதியோடு மாமாவின் மருத்துவரிடம் போனேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார், நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றார், பிறகு மாமாவின் இதயத்தைப் பற்றிச் சொன்னார். விமானம் என்ற பேச்சே கூடாது. வெளியே வந்தபோது மாமா அட்டவணையை என்னிடமிருந்து வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ‘பரவாயில்லை பிள்ளை. நான் உப்பிடியே பாத்துக்கொண்டு போறன்’ என்றார்.

அந்த ஏமாற்றத்தில் பிறந்ததுதான் புத்தக யோசனை. அடுத்த சனிக்கிழமை சின்ன மாமாவின் கைத்தொலைபேசி வாசல் மேசையைக் கடந்தபோது அந்தப் புத்தகத்தைக் கண்டேன். மாமாவின் பெயரையும் எழுதச் சொன்னேன். மாமா மறுத்தார், வராதவன் எப்படிக் கையெழுத்து வைப்பது என்றார். நான் விடவில்லை. மணிக்கணக்காகப் பார்க்கிறீர்கள், வேறு யார் இப்படிப் பார்க்கிறார்கள் என்று வாதாடினேன். ‘எங்கிருந்து’ என்ற நிரலுக்கு ஊர்ப்பெயர் போதும் என்று சின்ன மாமா சொல்ல, நான் தெரு, வீட்டிலக்கம், தபாற்குறி என்று முழு விலாசத்தையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஜேர்மனியில் வளர்ந்த புத்தி, விலாசம் என்றால் முழுசாக இருக்க வேண்டும். குறிப்பு என்ன என்று கேட்டபோதுதான் மாமா கூரையைச் சொன்னார். அதுவரை யாரும் அதை அண்ணாந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மாமாவுக்குக் கிழமை நாட்களிலும் ஒரு வேலை இருந்தது. அடுத்த குறிப்பு என்னவென்று யோசிப்பார். சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் வந்து, கல்சிறையின் இரண்டாம் அறைச் சாவித்துளையில் களிம்பு பிடித்திருப்பதைப் பற்றிச் சொல்வார். ‘அண்ணைக்கு இப்ப ஒரு ஸ்டேஷன் பொறுப்புக் கிடைச்சிருக்கு’ என்று அம்மா பகிடி பண்ணுவார். அவர் சொல்வதை நான் ஆங்கிலமாக்குவேன், சின்ன மாமா குண்டு குண்டான எழுத்தில் எழுதுவார். ஐந்தாவது குறிப்பு, அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் பொருட்களை அடைத்து வைத்திருந்த ஒற்றை அலுமாரியைப் பற்றியது. அதை மட்டும் நான் கொஞ்சம் மென்மையாக்கப் பார்த்தேன்; மாமா விடவில்லை. ‘ரயிலுக்கு முதல் இஞ்சை இருந்த சனத்துக்கு ஒரு அலுமாரி. ரயிலுக்கு நாலு அறை. ஏன்?’ அப்படியே எழுதவைத்தார்.

கடிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை. உறையில் இரண்டு மிருகங்கள் தாங்கிப் பிடித்த ஒரு சின்னம். அருங்காட்சியகம் ஊராட்சி மன்றத்துக்குச் சொந்தமானதால் அதன் உறையில் வந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. மாமாவுக்குத் தெரிந்தது அவுஸ்திரேலியா, அரசாங்கம், தன் பெயர், தன் முழு விலாசம் ஆகிய நான்கு விடயங்கள்தான். எங்கள் வீடுகளில் அரசாங்கக் கடிதத்தைப் பிள்ளைகள்தான் உடைத்து வாசிப்போம். பத்து வயதில் இருந்து அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவங்களை நிரப்பியவள் நான். ஆகவே கடிதம் உடைக்கப்படாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் எனக்காகக் காத்திருந்தது. காத்திருந்த நேரத்தில் மாமா முழு வழக்கையும் மனதுக்குள் நடத்தி முடித்துவிட்டார்.

அவருடைய பயத்தின் வேர் எனக்கு அதன் பிறகுதான் அம்மா சொல்லத் தெரிந்தது. ஜேர்மனிக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பக்காரர்கள் தங்களுக்கு ஒதுக்கிய மாவட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரைன் கரையில் பெரிய தேவாலயம் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு, பார்க்கிற ஆசையில் ரயிலேறிப் போயிருக்கிறார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து முடியவில்லை, பத்திரத்தைக் காட்டு என்று பக்கத்தில் ஒருவர். அந்த ஒரு வரி அவருடைய கோப்பில் ஏறியது. பின்னால் ஒவ்வொரு விசாரணையிலும் அந்த வரியை வாசித்துக் காட்டினார்களாம். அதற்குப் பிறகு, ஜேர்மன் கடவுச்சீட்டுக் கிடைத்த பிறகும்கூட, மாமா எந்த ஊரையும் பார்க்கப் போனதில்லை. சனிக்கிழமைச் சுற்றுலாதான் அவர் துணிந்து போன இரண்டாவது இடம்.

வெள்ளி மாலை நான் வீட்டுக்குள் வந்தபோது, அவர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறைக் கதிரையில் இருந்தார். ‘பிள்ளை, நான் போகாத நாட்டிலை நான் வந்ததெண்டு எழுதிக் கிடக்கு. அதுவும் அவன்ரை கையெழுத்திலை’ என்றார். சின்ன மாமாவின் நிரந்தர விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. அரசாங்கப் புத்தகத்தில் பொய் எழுதினவன் என்று ஒரு வரி போதும், அத்தனை வருடமும் தூசும் வெயிலும் தின்றது வீண். பக்கத்தைக் கிழித்துவிடவா என்று தம்பி தொலைபேசியில் கேட்டிருக்கிறார். மாமா தடுத்துவிட்டார். கிழித்த பக்கத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும் என்பது அவருடைய அனுபவம். நேரே போய் உண்மையைச் சொல் என்று சொல்லியிருக்கிறார். அம்மா என்னைப் பார்த்து, ‘உனக்கு எல்லாத்துக்கும் ஒரு அவசரம். விலாசத்தையும் குடுத்தியாம்’ என்றார்.

உறையை உடைத்தேன். ஒரே பக்கம், தட்டச்சு, கீழே நடுங்கும் கையெழுத்து. எங்கள் ஊரில் இருப்பவர்களைவிட அதிக தடவை அருங்காட்சியகத்துக்கு வந்தவர் நீங்கள் என்று தொடங்கியது. உங்களை ஒரு தடவையும் காணக் கிடைக்கவில்லை என்பதில் சங்கத்தினர் வெட்கப்படுகிறார்கள். நீங்கள் வரும் நேரத்தில் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம் போலும். வருடத்தில் இரண்டு முறை மழை பெய்யும் ஊரில் கூரையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தோம். போன கிழமை மழை பெய்தது. நீங்கள் சொன்ன இடத்திலேயே ஒழுகியது. தகரம் மாற்றியாயிற்று. அலுமாரியைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. இந்த மண்ணுக்குரிய குடும்பங்களோடு பேசி, பயணிகள் தங்கும் அறை முழுவதையும் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். அதைத் திறந்துவைக்க நீங்கள் வர வேண்டும்.

நான் துள்ளி எழுந்தேன். மாமா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, ‘வடிவாக் கதைச்சுத்தான் கூப்பிடுவினம்’ என்றார். அவருடைய முதல் விசாரணையும் குடிக்கக் கோப்பி கொடுத்துத்தான் தொடங்கியதாம். உடனே சின்ன மாமாவுக்குத் தொலைபேசி எடுக்கப் போனேன். அங்கே எல்லோரும் நித்திரை, விடியட்டும் என்று தடுத்தார்.

சனிக்கிழமை டயாலிசிஸ் கதிரையில் எட்டு மணிக்கு நாங்கள்தான் அழைத்தோம். திரையில் நிலையம் வரவில்லை. பெருந்தெருக் கடையின் பின்வாசலும், எண்ணெய்ப் பீப்பாய்களும், அவற்றுக்கு நடுவே ஏப்ரன் கட்டிய சின்ன மாமாவும் வந்தார்கள். முகம் சாம்பிப் போயிருந்தது. ‘திறப்பைக் குடுத்திட்டன் அண்ணை. சும்மா இருக்கேலாமல் வேலைக்கு வந்திட்டன்’ என்றார். நேற்றுப் பின்னேரம் தலைவியம்மாவின் வீட்டுக்குப் போய், வுப்பர்டாலில் இருந்து வந்தவர் வரவேயில்லை, எல்லாம் என் எழுத்துத்தான் என்று சொல்லி, டயாலிசிஸ், சனிக்கிழமை மூன்றரை, கைத்தொலைபேசி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்திருக்கிறார். தலைவியம்மா திறப்பை வாங்கி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, சங்கத்தோடு கதைக்க வேண்டும் என்றாராம். நான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அது என் வாக்குமூலத்துக்கு முந்திப் போட்ட கடிதம்தானே என்றார் சின்ன மாமா. சரியாகத்தான் சொன்னார். மாமா தன் கைக்குப் போகும் சிவப்புக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் போட்ட எந்தத் திட்டத்தையும் அந்த நிமிடத்தைப் போல் வெறுத்ததில்லை.

அப்போதுதான் சின்ன மாமாவுக்குப் பின்னால் கம்பிவலைக் கதவு அடித்துத் திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளைத் தொப்பி, மண் படிந்த சப்பாத்து, கையில் திறப்பு. நாங்கள் முதல் தடவையாகத் தலைவியம்மாவைக் கண்டோம். நேரம் மூன்றரை தாண்டிவிட்டது, நிலையம் பூட்டிக் கிடக்கிறது, உன் அண்ணன் வெளியே வெயிலில் நிற்கிறார், இங்கே என்ன செய்கிறாய் என்று சின்ன மாமாவைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். மாமா கதிரையில் நிமிர்ந்தார். ‘கேள் பிள்ளை, நான் வரேல்லைத்தானே, அது பொய்தானே எண்டு.’ கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு சொன்னதை நான் மாமாவுக்கு இப்படித்தான் சொன்னேன்:

‘மாமா, கனபேர் கழிவறைக்குப் போக வந்து, நாலு நிமிசத்திலை ஒரு சுத்துச் சுத்தி, அருமை எண்டு எழுதிப்போட்டுப் போறவையாம். ஒருத்தரும் கூரையை அண்ணாந்து பாக்கேல்லையாம். நீங்கள் பாத்தனீங்களாம். அப்ப நீங்கள் வந்தனீங்கள்தானே எண்டு கேக்கிறா.’

மாமா இடது கையை உயர்த்தி முகத்தைத் துடைக்கப் போனார். இயந்திரம் கீச்சிட்டது. தாதி ஓடிவந்து, எத்தனை தடவை சொல்வது, ஊசிக் கையை மடக்கக் கூடாது என்று ஏசிக்கொண்டே கையை நேராக்கிவிட்டார். என் கையில் கைத்தொலைபேசி ஆடியதில், அங்கே அவர்களுக்குத் தெரிந்தது வுப்பர்டாலின் ஒரு கூரைதான். அவர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். பிறகு அங்கே இருவராக, அவர்களின் கணக்கில் நால்வராக, நிலையத்துக்கு நடந்தோம். தலைவியம்மா தேநீர் ஊற்றிக்கொண்டு மாமாவுக்கும் வேண்டுமா என்று கேட்டார். ‘எனக்கு இண்டைக்கு அளவு முடிஞ்சுது எண்டு சொல்லு’ என்றார் மாமா. தலைவியம்மா கையில் இருந்த கேத்திலை இறக்கி வைத்துவிட்டுத் தன் கோப்பையையும் தள்ளிவைத்தார். நான் அதைப் பார்த்த பிறகு, டயாலிசிஸ் அறைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டு போவதை விட்டேன்.

அறையைத் திறந்துவைக்க மாமா ஒப்பவில்லை. அது அந்தச் சனத்தின் அறை, நான் விருந்தாளி, விருந்தாளி கதவு திறக்கிறதில்லை என்றார். அந்த மண்ணைச் சேர்ந்த ஒரு முதிய பெண் தன் பேரப்பிள்ளைகளோடு வந்து திறந்தார். மாமா வாசலோரம் நின்ற ஆட்களுக்கு நடுவே, சின்ன மாமாவின் உயர்த்திய கையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். முன்னால் நின்ற ஒருவரின் தொப்பி மறைக்கிறது என்று முறைப்பாடும் செய்தார். அன்றைய குறிப்பு: ‘இப்போது சரி. ஆனால் உட்கார ஒரு வாங்கு போடவும். வயது போன ஆட்கள் வருவார்கள்.’

வாங்கு போட்டார்கள். நிரந்தர விசாவும் வந்தது. புத்தகத்தைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சின்ன மாமா இலைதுளிர் காலத்தில் இரண்டு கிழமைக்கு வந்தார். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் அவர்கள் சந்தித்ததை எழுதப் பலமுறை முயன்றிருக்கிறேன், வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையைத் தேடுகிறவர் மாதிரி மாமா முதலில் கீழே பார்த்தார் என்பதை மட்டும் சொல்லலாம். அடுத்த நாள், டயாலிசிஸ் இல்லாத நாள், மாமா பிடிவாதமாகத் தம்பியை ஊர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். வுப்பர்டாலில் ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடும் ரயில் இருக்கிறது. உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்து ஏறிப் பார்ப்பார்கள். முப்பது வருடமாக மாமாவுக்கு அது வேலைக்குப் போகும் ரயில். அன்று ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை, யன்னலோரம், இருவரும். இறங்கியதும் மாமா என் குறிப்புக் கொப்பியை வாங்கி விரித்துத் தம்பியிடம் நீட்டினார். குறிப்பு என்ன என்று கேட்டார். சின்ன மாமா யோசித்துவிட்டு, ‘வளைவிலை ஆட்டம் கூட. ஆனா ரயில் வருது அண்ணை’ என்றார்.

அந்த வருடக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டயாலிசிஸுக்குப் புறப்படச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மாமாவின் இதயம் நின்றது. சட்டைப் பையில் என் அட்டவணை இருந்தது, மடிப்புகளில் கிழிந்துபோய், ராட்சத ஆட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியோடு. தலைவியம்மா அனுதாபக் கடிதத்தோடு அனுப்பியதுதான் என் சுவரில் இருக்கும் இந்த நகல். புத்தகத்தில் அதற்குப் பிறகு நெடுநாள் மாமாவின் பெயரில் யாரும் எழுதவில்லை. எனக்கு இப்போது வேலை, சனிக்கிழமைகள் என்னுடையவை. எட்டு மணிக்கு விழிப்பு மட்டும் தானாக வருகிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சின்ன மாமா அழைத்தார். நிலையத்துக்குள் நின்றார். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது அறைக்குப் போய், முதலில் மேலே காட்டினார், பிறகு தரையைக் காட்டினார். காய்ந்த மரப்பலகை. மூலைவரை காய்ந்த பலகை. பிறகு வாசல் மேசைக்கு வந்து, புத்தகத்தைத் திறந்து, நூலில் கட்டிய பேனையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எதற்கும் உடனே பதில் வைத்திருப்பவள் நான். சுவரில் இருந்த பக்கத்தில் மாமாவின் முதல் குறிப்பை வாசித்துப் பார்த்தேன். மாமாவின் பெயரை எழுதச் சொன்னேன். குறிப்பு, ‘ஒழுகவில்லை.’ மழையில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். எழுதினார். எங்கிருந்து என்ற நிரலுக்கு வந்ததும் பேனையை நிறுத்தி, முழு விலாசமும் வேண்டுமா என்று கேட்டார்.

‘வேண்டாம் சின்ன மாமா. வுப்பர்டால் எண்டு போட்டாக் காணும். உங்கை அவரை எல்லாருக்கும் தெரியும்தானே.’